மூக்கணாங்கயிறு இல்லாத நேரம்

ஊசி போடுவதற்கு முன்னால் மாட்டின் திமிலைத் தடவிக்கொடுப்பது என் வழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்லம்பள்ளிப் பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சவுரியப்பனான எனக்குக் கைராசிக்காரன் என்றுதான் பேர்.

பச்சியப்பனின் பொலிகாளைக்கு வயதாகிவிட்டது. பசுவைக் கண்டாலும் சோர்ந்து நின்றது. மேயப் போனால் வழி மறந்து அடுத்தவர் கொட்டகையில் போய் நின்றது. பிள்ளையில்லாத மனிதர் அவர். என்னிடம் வந்து அழுதார்.

"என் கொரலே அதுக்கு அடையாளம் தெரியலீங்க. ஏதாச்சும் பண்ணுங்க."

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் மெட்ராசிலிருந்து ஹார்மோன் மருந்து தருவித்தார். இளங்காளைக்கு உடம்பில் தானாக ஊறுவது கிழமானதும் வற்றிப்போகிறதாம். ஊசியால் அதைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். போட்டது நான். ஆடியில் ஆரம்பித்தோம், கார்த்திகைக்குள் காளை தெளிந்துவிட்டது. பச்சியப்பன் தூரத்தில் இருமினாலே காதைத் தூக்கும். மேய்ந்துவிட்டுத் தானாக வீடு வந்து சேரும். ஊரே என்னை டாக்டரே என்று கூப்பிட ஆரம்பித்தது. அது எனக்கு இனித்தது, மறைக்கவில்லை.

கூடவே காளைக்குக் கோபமும் ஏறியது. ஒருநாள் வைக்கோல் போரையே குத்திச் சரித்தது. டாக்டர் மாற்றலாகிச் சேலம் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமேல் போடாதே. கிழட்டு உடம்பு, குணம் எந்த நிமிஷம் திரும்பும்னு சொல்ல முடியாது. கயிறில்லாமல் கிட்டப் போக வேண்டாம்னு பச்சியப்பன்கிட்டச் சொல்லிடு."

ஊசியை நிறுத்தினால் காளை மறுபடி மந்தமாகும், நானும் மறுபடி கம்பவுண்டர் ஆவேன். மிச்சமிருந்த மருந்தை அளவு கூட்டிப் போட்டேன். பச்சியப்பனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று உங்கள் ஏட்டையாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று பழைய மூக்கணாங்கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுசு கோப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த இடைவெளியில் மாட்டை அடக்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. உதவிக்குப் போனவர்களைப் பச்சியப்பன் விலகச் சொன்னார்.

"என்னையத் தெரியுமில்ல அதுக்கு," என்று சிரித்தார்.

நான் வேலியோரம் நின்றிருந்தேன். அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கயிறு அறுந்தது, காளை தலையைத் தாழ்த்தியது, கொம்பு அவர் வயிற்றில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கோபம் தணிந்த காளை, கிடந்தவரின் முகத்தை நக்கியது. யாரென்று தெரிந்துதான் நக்கியது.

மறதி யாருக்கும் வரும், ஐயா. தெரிந்து செய்தவனில்லை நான். ஆனால் கொம்புக்கு வர்ணம் பூசுவதைப் பார்க்க வருஷா வருஷம் முதல் ஆளாக ஓடுகிற என் மகளை, அன்று காலையில் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அங்கே போனேன்.