தெளிவுக்குக் கூடுதல் வாடகை

கண்ணாடியம்மா: ...‘பெருமக்களே’ன்னு கும்பிட்டு ஆரம்பிச்சிட்டு, அடுத்த வரியிலேயே பெருமக்களோட மடியில கையை விடுறாரே உங்க முதலாளி!

கடைப்பெண்: மெதுவாப் பேசுங்கம்மா. மாடியிலதான் இருக்கார்.

கண்ணாடியம்மா: கேட்கட்டுமே. எல்லாரும் படிக்கணும்னுதானே சுவர்ல ஒட்டியிருக்கார்? இரு, கண்ணாடியைத் துடைச்சிட்டு முழுசாப் படிக்கிறேன். ‘அன்புசால் வாடிக்கையாளப் பெருமக்களே! கண்ணுக்கினிய எச்.டி. திரைப்பட டிஸ்குகளின் வாடகை, காலத்தின் கட்டாயத்தால் ஒன்றரை மடங்காக உயர்த்தப்பட்டுள்ளது என்பதைத் தலைதாழ்த்தித் தெரிவித்துக்கொள்கிறோம்.’ தலையைத் தாழ்த்தினவர் வாடகையையும் கொஞ்சம் தாழ்த்தியிருக்கலாம்.

கடைப்பெண்: ராப்பகலா உட்கார்ந்து எழுதினார். ‘அன்புசால்’னா என்னன்னு வர்றவங்க எல்லாம் என்னைக் கேட்கிறாங்க.

கண்ணாடியம்மா: அன்பு நிறைஞ்சதுன்னு அர்த்தம். நிறைஞ்சு என்ன புண்ணியம்? வழியக் காணோமே!

கடைப்பெண்: சிரிக்க வைக்காதீங்க... இருமல் வருது.

கண்ணாடியம்மா: இன்னும் விடலையா அது? டாக்டர்கிட்டப் போனியா?

கடைப்பெண்: போகணும்.

கண்ணாடியம்மா: போகணும், போகணும்னு சொல்லிக்கிட்டே இரு. போகாதே.

கடைப்பெண்: அதை விடுங்க. வாடகை கட்டுப்படியாகலைன்னா சாதா டிஸ்க் எடுத்துக்கலாமே. அதுக்குப் பழைய வாடகைதான். அதோ, திறந்த தட்டுல இருக்கு. நீங்களே எடுத்து, வாசல் மெஷின்ல காட்டிட்டுக் கிளம்பலாம். திருப்பிக் கொடுக்கிறதும் அப்படித்தான், மெஷின் பொந்துல போட்டாப் போதும். என்கிட்ட வரவே வேண்டாம்.

கண்ணாடியம்மா: வேண்டாம்.

கடைப்பெண்: ஏன்?

கண்ணாடியம்மா: எனக்கு எச்.டி.தான் வேணும். நீ அலமாரியைத் திற, டிஸ்கை எடு, விளக்குக்குக் கீழே பிடிச்சு, கீறல் இல்லைன்னு ரெண்டு பக்கமும் காட்டு. அதுதானே இங்க வழக்கம்?

கடைப்பெண்: காட்டறேன். இப்ப திருப்பிக் கொண்டுவந்தீங்களே, அந்தப் படம் எப்படி இருந்தது?

கண்ணாடியம்மா: அதுவா... ரொம்ப நல்லா இருந்தது. நடுவுல கொஞ்சம் சண்டை. கடைசியில எல்லாரும் ஒண்ணு சேர்ந்துடறாங்க.

கடைப்பெண்: அது திமிங்கிலத்தைப் பத்தின படம்மா.

கண்ணாடியம்மா: ...திமிங்கிலத்துக்குக் குடும்பம் கிடையாதா?

கடைப்பெண்: அதோ, இறங்கி வர்றார். கொஞ்சம் அடங்கி இருங்க.

முதலாளி: ஏம்மா, இன்னிக்கு என்ன சொன்னாங்க ஜனங்க? ஒண்ணு விடாமச் சொல்லு.

கடைப்பெண்: ஜிம்காரர் வரவே மாட்டேன்னுட்டார் சார். எச்.டி. வில்லனை விடத் தன் உடம்பு தெளிவாத் தெரியுதாம், கண்ணாடி முன்னாடி நின்னா ஓசியில பார்த்துக்கலாமாம்.

முதலாளி: அவன் கிடக்கிறான். அடுத்தது?

கடைப்பெண்: புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி சாதாவுக்கு மாறிட்டாங்க. படம் ஓடினாப் போதும், பார்க்கணும்னு அவசியம் இல்லைன்னாங்க.

முதலாளி: சரிதான்... பல் டாக்டர்?

கடைப்பெண்: அவர் ஒருத்தர்தான் சந்தோஷமாக் கட்டினார். எந்தக் கதாநாயகனுக்குக் கட்டுப்பல்லுன்னு எச்.டி.லதான் தெரியுதாம்.

முதலாளி: ஒரே ஒரு பல் டாக்டரை நம்பிக் கடை நடத்த முடியுமா? அட, கண்ணாடியம்மா! வாங்க, வாங்க. எங்க அலமாரிக்கே நிரந்தர விருந்தாளி நீங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த உயர்வு எப்படி?

கண்ணாடியம்மா: தம்பி, கேட்டுட்டீங்க, சொல்றேன். பட்டப்பகல் கொள்ளை. திருடன் கூட இருட்டட்டும்னு காத்திருப்பான். நீங்க டியூப்லைட்டைப் போட்டுக்கிட்டு...

கடைப்பெண்: அம்மா...

கண்ணாடியம்மா: நீ சும்மா இரு. நீங்க டியூப்லைட்டைப் போட்டுக்கிட்டு, தலையும் தாழ்த்திக்கிட்டு எடுக்கிறீங்க!

முதலாளி: போதும்மா. மனசுல இருந்தது வந்துடுச்சு. உங்க வாக்கைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கண்ணாடியம்மா: குறைக்கப் போறீங்களா?

முதலாளி: குறைச்சா எனக்குக் கட்டாது. அலமாரியையே எடுத்துடப் போறேன். எச்.டி. டிஸ்கையெல்லாம் மொத்தமா வித்துட்டு, அந்த இடத்துல இன்னொரு மெஷின். சாதா மட்டும் போதும். பூட்டு வேண்டாம், சாவி வேண்டாம், விளக்குக்குக் கீழே திருப்பிக் காட்ட ஆள் வேண்டாம்.

கண்ணாடியம்மா: ஆள் வேண்டாம்னா... இந்தப் பொண்ணு?

முதலாளி: மெஷினுக்குப் பக்கத்துல இவளை என்னன்னு உட்கார வைக்கிறது? நல்ல பொண்ணு, வேற எங்கயாவது பிழைச்சுக்குவா. இவகிட்ட நேத்தே சொல்லிட்டேன்.

கண்ணாடியம்மா: என்கிட்ட நீ சொல்லவே இல்லையே!

முதலாளி: உங்ககிட்ட எதுக்கும்மா சொல்லணும்?

கண்ணாடியம்மா: இல்லை... வாடிக்கையாளப் பெருமக்களாச்சே நாங்க. தம்பி, இருங்க. மாடிப்படியில காலை வைக்காதீங்க. நான் சொல்ல வந்தது பாதியிலேயே நிக்குது.

முதலாளி: கொள்ளைன்னு முழுசாத்தானே சொன்னீங்க?

கண்ணாடியம்மா: சாதா டிஸ்குக்கு நீங்க வாங்குற வாடகையைச் சொன்னேன். அதுதான் கொள்ளை. அதுல ஒருத்தி அழுறாளா தும்முறாளான்னு கூடத் தெரியாது. எச்.டி.ல கண்ணோரத்துல நீர் கட்டி நிக்கிறது தெரியும். விழறதுக்கு முன்னாடி அது ஒரு நொடி யோசிக்கிறது தெரியும். அதுக்கு ஒன்றரை மடங்குங்கிறது குறைச்சல். நான் அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலாளி: குறைச்சலா!

கண்ணாடியம்மா: ரொம்பக் குறைச்சல். ஜிம்காரனுக்கு என்ன தெரியும்? தெளிவுன்னா சும்மாவா தம்பி?

முதலாளி: அடடா... எவ்வளவு அழகாச் சொல்றீங்க! இதை அடுத்த நோட்டீஸ்ல போட்டுக்கட்டுமா? ஆமா, உங்க வீட்டு டி.வி. எவ்வளவு பெருசு?

கண்ணாடியம்மா: பெருசு... சுவரளவு.

முதலாளி: அப்படியா! எச்.டி. பிளேயர் எது வச்சிருக்கீங்க?

கண்ணாடியம்மா: கறுப்பு.

முதலாளி: கறுப்பு சரிம்மா, எந்தக் கம்பெனி?

கடைப்பெண்: சார், அவங்க வயசுல கம்பெனி பேரெல்லாம் எப்படி நினைவிருக்கும்? மாடி ஏறி இறங்குறதே பெரும்பாடு. கீழ் ரூமுக்கு மாத்திக்கச் சொன்னாலும் கேட்கிறதில்லை...

முதலாளி: அவங்க வீட்டு மாடி உனக்கு எப்படித் தெரியும்?

கடைப்பெண்: ...சொன்னாங்க சார். டிஸ்க் துடைக்கும்போது எல்லாரும் எதையாவது சொல்லுவாங்க.

முதலாளி: ம்... பார்க்கலாம். இப்படிப் பார்க்கத் தெரிஞ்சவங்க இருக்கிறவரைக்கும் அலமாரி இருந்துட்டுப் போகட்டும். மெஷினுக்கு முன்பணம் இன்னும் கொடுக்கலை. எனக்கும் மெஷின் மேல ஆசை ஒண்ணும் இல்லை. அன்னிக்கே வச்சிருப்பேன், நடுவுல ஒரு யோசனை வந்து, அந்தப் பேச்சைக் கேட்டு வாடகையை...

கடைப்பெண்: சார், மாடியில போன் அடிக்குது.

முதலாளி: எனக்குக் கேட்கலையே?

கடைப்பெண்: அடிச்சுது சார். ஜிம்காரரா இருக்கும். மனசு மாறியிருப்பார்.

முதலாளி: அப்படியா! இதோ வந்துட்டேன்... அம்மா, அந்தக் கண்ணோரத்து நீர், அது எனக்கு, சரியா? வேற கடையில சொல்லிடாதீங்க!

கடைப்பெண்: ...போயிட்டார்.

கண்ணாடியம்மா: தப்பிச்சோம்.

கடைப்பெண்: சுவரளவு டி.வி.யா? ஹால்ல அந்தப் பழைய டப்பாதானே இருக்கு? தட்டினாத்தான் படம் வரும்.

கண்ணாடியம்மா: இப்ப தட்டினாலும் வர்றதில்லை.

கடைப்பெண்: பிளேயர்?

கண்ணாடியம்மா: கறுப்புன்னு சொன்னேனே.

கடைப்பெண்: இருக்கா, இல்லையா?

கண்ணாடியம்மா: ...இல்லை.

கடைப்பெண்: எனக்குத் தெரியும். திமிங்கிலப் படத்துக்கு நான் டிஸ்கே வைக்கலை. வெறும் பெட்டியைத்தான் மூடிக் கொடுத்தேன். காலிப் பெட்டின்னு சண்டைக்கு வருவீங்க, அப்பவாவது உண்மையைச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா அதைப் பத்திரமாக் கொண்டுவந்து, கதை வேற சொல்றீங்க.

கண்ணாடியம்மா: கையில வாங்கும்போதே கனம் தெரியலை. கேட்டா உனக்கு வேலைக்கு ஏதாவது வந்துடுமோன்னு கேட்கலை.

கடைப்பெண்: எதுக்கு இதெல்லாம்? அங்க தெரிஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம். புதுசா வந்தவ என்ன நினைப்பா?

கண்ணாடியம்மா: அவ நல்லவதான். அவளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

கடைப்பெண்: பின்ன?

கண்ணாடியம்மா: கோர்ட்டுல என் பையனையும் உன்னையும் பிரிச்சாங்க. சரி, நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்க, பிரிச்சாங்க. மாமியாரையும் மருமகளையும் பிரிச்சுக் கொடுங்கன்னு நான் எங்க மனு போட்டேன்? உன் வீட்டுக்கு வந்து பார்த்தா ஊர் பேசும். உனக்கு போன் பண்ணினா அவன் முகம் தொங்கிப்போகும். கடைக்கு வந்தா யாரு கேட்க முடியும்? நான் வாடிக்கைக்காரி. நீ ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டுறே. நான் டிஸ்கையா பார்க்கிறேன்? இளைச்சிருக்கியா, தூங்கினியா, கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு பார்க்கிறேன்.

கடைப்பெண்: அழ வைக்காதீங்க. அப்புறம் எச்.டி.ல எனக்கும் வாடகை போடுவார்.

கண்ணாடியம்மா: வாய் மட்டும் குறையலை உனக்கு. அது சரி, ‘அம்மா’ங்கிறே, ‘வாங்க’ங்கிறே... பழையபடி கூப்பிட வாய் வரலையா?

கடைப்பெண்: கடையில வேண்டாம்னு இருந்தேன்.

கண்ணாடியம்மா: வேண்டாம்னா போ. ஏதாவது ஒரு படத்தை எடு. இந்தத் தடவை டிஸ்கையும் சேர்த்து வை, கூடுதல் வாடகை கொடுத்துட்டு வெறும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போக எனக்கு என்ன தலையெழுத்தா? என் பென்ஷன்ல இது ஒரு ஓட்டை. எந்தப் பாவி அந்த ஆளுக்கு இப்படி ஒரு யோசனையைக் கொடுத்தானோ, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...

கடைப்பெண்: கிடைச்சாச்சு அத்தை, எதிர்லதான் நிக்கிறேன், வாடகையை ஏத்தலைன்னா போன மாசமே அலமாரியை எடுத்திருப்பார், அப்புறம் எந்தச் சாக்கு சொல்லி நீங்க என்னைப் பார்க்க வருவீங்க?