இடது முன் சக்கரம்

இருட்டி ஏழு மணி இருக்கும். திருச்செந்தூர் ரோடு. முள்ளக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம்தான்… வீடு கிடையாது, கடை கிடையாது. அமாவாசை வேறு. அந்த ரோட்டில் சிவபாலன் தன் காரில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறான்.

ஏலே டிக்சா, செல்லை அணை. மூஞ்சியில் வெளிச்சம் அடிக்கிறது. துறைமுக கேட் திறக்க இன்னும் நேரம் கிடக்கிறது, உன் லாரி எங்கேயும் ஓடிப்போகாது. கேட்கிறதானால் ஒழுங்காகக் கேள். இல்லையென்றால் போய் வண்டியில் தனியாகப் படு… என்ன, எழுந்திருக்கக் காணோம்? பயந்தாங்கொள்ளி.

சிவபாலன் என் கூட்டாளி நயினாருக்குச் சித்தப்பா மகன். உப்பு வியாபாரம். ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கியிருந்தான். மிதித்தால் சீறும். நம் லாரி மாதிரி பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி இல்லை, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதில்தான் வினை. பைபாஸில் கிடந்த ஒரு இரும்புத் தகடு இடது முன் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. ஒட்டிப் போட முடியாது. மூன்று டயர் தேய்ந்திருக்கும்போது ஒன்றை மட்டும் புதுசாகப் போட்டால் நாலும் ஒரே சீராகச் சுற்றாது, உள்ளே பல்சக்கரம் எல்லாம் சூடேறிப் பாழாகிவிடும். நாலையும் மாற்ற வேண்டும், அல்லது அதே அளவு தேய்ந்த டயர் ஒன்றைத் தேட வேண்டும். புது டயர் சென்னையிலிருந்து வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம்.

அவனுக்கோ பொறுக்கவில்லை. பெண்டாட்டி ரம்யா திருச்செந்தூரில் தாய் வீட்டில் இருக்கிறாள். நிறைமாதம், தலைப்பிள்ளை. பிரஷர் இருப்பதால் முன்கூட்டியே தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். வாடகைக் கார் கிடைக்காதா? தெருவுக்குத் தெரு நிற்கிறது. ஆனால் இந்தத் துரை தன் சொந்தக் காரில்தான் கூட்டி வருவாராம். வறட்டுக் கௌரவம். அவனை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

டயர் கடை டெரன்ஸ், மாப்பிள்ளையூரணிப் பக்கம் உடைந்த வண்டிகளைப் பிரிக்கிற இடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தான். அதே கம்பெனி, அதே தேய்மானம். இதே மாதிரிக் காரிலிருந்து கழற்றியது. மாட்டுவதற்கு முன்பே அவன் சொல்லியிருக்கிறான்.

“அண்ணாச்சி, அந்த வண்டில முன்னால இடது பக்கம் உக்காந்திருந்த பொம்பள செத்துப் போச்சு. மாசமா இருந்திருக்கா. பெல்ட் போடலயாம். எனக்கு மனசு ஒப்பல.”

“டயர் என்னல பண்ணும்? மாட்டு.”

மாட்டியாயிற்று. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஏற்றினான், அதில் குறை சொல்ல முடியாது. மூன்று பழம் நசுங்கியது. இடது முன் சக்கரத்தடியில் வைத்த பழம்… முழுசாகக் கிடந்தது. உருண்டு விலகியிருக்கும் என்று கிளம்பிவிட்டான்.

உப்பளத்துக்கு நடுவில்… டிங். டிங். டிங்.

பெல்ட் போடாமல் ஆள் உட்கார்ந்தால் கார் அப்படிக் கத்தும். மீட்டரில் சிவப்பு விளக்கு. பக்கத்து சீட், இடது பக்கம். அங்கே பை இல்லை, ஒன்றுமில்லை. கையை வைத்துப் பார்த்தான். சீட் பள்ளமாக இருந்தது… சூடாகவும் இருந்தது. ஈரத் தலைமுடி வாடை. கூடவே துரு வாடை.

இந்த இடத்தில்தான் அந்த மடையன் நாம் எல்லோரும் செய்கிறதைச் செய்தான். சத்தம் பொறுக்காமல், காலி சீட்டின் பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டான். கார் அமைதியானது. ஆனால் பெல்ட் தொய்ந்து கிடக்கவில்லை. ஒரு பெரிய வயிற்றைச் சுற்றிக் கிடப்பது போலப் புடைத்து நின்றது. பெல்ட் போடாமல் செத்தவளை இவனே தன் கையால் உட்கார வைத்துக் கட்டியாயிற்று.

திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வேறு வண்டி பிடித்துவிடலாம் என்றுதான் இறங்கினான். வாசலில் மாமியார் சண்முகத்தாய் நின்று கத்துகிறாள்.

“மாப்ள, பனிக்குடம் ஒடஞ்சிட்டு! இனி எங்கன போயி வேற வண்டி தேட? எடுங்க சீக்கிரம்!”

ரம்யா முன் கதவில் கை வைத்தாள்.

“அங்கன உக்காராத! பின்னால ஏறுளா!”

அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. பின்னால் ஏறினாள். ஒரு ஜன்னலோரம் அவள், மறு ஜன்னலோரம் மாமியார். நடுவில் இடம் காலி.

ஆத்தூர் தாண்டியது. முக்காணிப் பாலம் தாண்டியது. ரம்யா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். ஸ்டியரிங் இடது பக்கமாகவே இழுக்கிறது… இவன் முருகா முருகா என்று பிடித்துக்கொண்டு ஓட்டுகிறான். மறுபடியும் உப்பளம்.

டக்.

முன் சீட் பெல்ட் தானாகக் கழன்று மேலே சுருண்டு போனது.

டிங். டிங். டிங்.

மீட்டரைப் பார்த்தான். சிவப்பு விளக்கு இப்போது பின் சீட்டுக்கு எரிகிறது. நடு இடம்.

“ஏளா, என் தோள்ல ஏன் இப்படிச் சாயுத? தலையெல்லாம் ஒரே ஈரமா இருக்கு…” மாமியார் குரல்.

“நான் எங்கம்மா சாஞ்சேன்? இந்தக் கண்ணாடி ஓரத்துலல்லா கெடக்கேன்.”

சிவபாலன் திரும்பிப் பார்க்கவில்லை. நீ பார்ப்பாயா? நான் மாட்டேன். மிதித்த மிதியில் டயர் நாலும் அலறின. “அவள விட்டுரு… எம்பிள்ளைய விட்டுரு…” என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினான்.

சத்தம் நின்றது. யாரும் பெல்ட் போடவில்லை. நின்றுவிட்டது.

“ஏங்க… வலி போயிட்டு,” என்றாள் ரம்யா.

அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. ஒன்றுதான், ஸ்கேனில் பார்த்ததும் ஒன்றுதான். தாயும் பிள்ளையும் நலம். சிவபாலன் அந்த டயரைக் கழற்றி வாங்கிய இடத்திலேயே எறிந்துவிட்டு, காரையும் விற்றுத் தொலைத்தான். சனியன் விட்டது என்று நயினார் எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

அதற்குள் நிம்மதியாக மூச்சு விடாதே டிக்சா, இன்னும் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம். பிள்ளை தொட்டிலில் தூங்குகிறது. ரம்யா அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

“யார்ட்டயும் சொல்லாதீங்க,” என்றாள் மெதுவாக. “இன்னொண்ணு உள்ளயே இருக்கு.”

அவன் கையை எடுக்கப் பார்த்தான்.

உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது.