ஓதெத் மதாமுக்கு வராத அழைப்பு

ஸ்விட்ச் என்றதும் விளக்குப் போடுகிற ஸ்விட்சை நினைத்துக்கொள்ளாதீர்கள், சார். கட்டடத்துக்குள் இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. எங்கள் முதியோர் இல்லத்தில் அதையும் அலுவலகப் போனையும் பார்த்துக்கொண்டது நான்தான். எந்தக் கருவி எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று அதற்குள் விதி எழுதிவைக்கலாம். ஓதெத் மதாமின் டேப்லெட்டுக்கு நான் ஒரு விதி எழுதினேன். இல்லத்துக்குள்ளேயே ஓடும் பூசைப் பாட்டுகள் அதில் கேட்கும். வெளியிலிருந்து எதுவும் வராது.

அவர் மகன் லொரான் பாரீசில் இருந்தார். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவார், கொஞ்ச நேரம். அதற்காக மதாம் விடிந்ததுமே பவுடர் பூசி, நல்ல கவுன் போட்டு உட்கார்ந்துவிடுவார். வாரம் முழுக்கக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தவன், கதிர்காமம் ஆஸ்பத்திரி வரிசையில் அவருக்காக நின்றவன் நான். எனக்குக் கிடைத்த நன்றி, "மெர்சி, விமல்." அடுத்த மூச்சிலேயே, "எங்க லொரான் மாதிரி யாரு பாத்துக்குவா?"

எனக்கு அம்மா இல்லை. இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையில் யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு, "நெட்டு போயிடுச்சா?" என்று கேட்டார். பக்கத்து அறை சபின் மதாமின் டேப்லெட்டை வாங்கி வந்து காட்டினேன். அதில் அவர் பேத்தி வீடியோவில் சிரித்துக்கொண்டிருந்தாள். "நெட்டு நல்லாத்தான் இருக்கு, மதாம்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இன்னொருவரிடம் இரவல் கேட்க மானம் விடவில்லை.

லொரான் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அம்மா ஏன் எடுக்க மாட்றாங்க?"

"உங்க மேல வருத்தமா இருக்காங்க, முசியே. கொஞ்ச நாள் விடுங்க, நான் பேசிப் பாக்குறேன்."

அவர் அழுதார். நல்ல மனிதர்தான்.

அந்த நாட்களில் மதாம் என் கையைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கஞ்சி வேண்டாம் என்றார். பிறகு மருந்தும் வேண்டாம் என்றார். உடம்பில் பெரிய கோளாறு இல்லை, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார் டாக்டர். விதியை அழிப்பது ஒரு நிமிட வேலை. லொரான் ஒருமுறை திரையில் வந்துவிட்டால் மதாம் எழுந்து உட்கார்ந்து கவுன் மாற்றிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அழிக்கவில்லை.

கடைசி நாள் மத்தியானம் அவருக்குக் கண் தெரியவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டு, "லொரானா? வந்துட்டியாப்பா?" என்றார்.

"வந்துட்டேம்மா," என்றேன்.

என் முகத்தைத் தடவிப் பார்த்து, நெற்றியில் முத்தம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

அடக்கத்துக்கு வந்த லொரான் என்னைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னார். நானும் ஏற்றுக்கொண்டேன்.

செத்துவிடுவார் என்று தெரிந்தேதான் விட்டேன், சார். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: மதாம் அனாதையாகச் சாகவில்லை, பிள்ளை பக்கத்தில் இருந்தான்.