இரண்டாம் வரியில் பிழைத்த உலகம்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஆசிரியை அவர்களே, அந்தியில் வந்த எனக்கு அறிவுச் சுடர் ஏற்றிய அம்மையே, முதுமையை மறந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆவலோடு வந்திருக்கும் தாய்மார்களே, மாலை வகுப்புத் தோழர்களே, இரண்டாம் வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் சம்பந்தி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தத் தாளை நானே எழுதினேன். நானே படிக்கிறேன். மெதுவாகத்தான் வரும். விடிவதற்குள் முடித்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

போன மாதம் நான் பார்த்த ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்தேன். வெளிநாட்டுப் படம். பேச்சு அவர்கள் மொழியில். படத்தின் அடியில் நம் எழுத்து. இரண்டு நாடுகள். இரண்டிடமும் அணுகுண்டு. ஊரை எரிக்கும் குண்டு, ஆற்றை எரிக்கும் குண்டு, அன்னை வயிற்றில் உறங்கும் பிள்ளையையும் எரிக்கும் குண்டு. இரண்டு தலைவர்களின் மேசையிலும் ஒரு தொலைபேசி. யார் எடுத்துப் பேசினாலும் போர் நின்றுவிடும். எடுத்தார்களா? எடுக்கவில்லை. ஏன்? முதலில் எடுத்தவன் தோற்றவனாம்.

சிரிக்காதீர்கள். நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? என் மகள் கல்யாணத்தில், சம்பந்தி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவர் காத்திருந்தார். இருவரும் பட்டினியாக வீடு திரும்பினோம். அன்றோடு பேச்சு நின்றது. மகள் வீட்டு முன்வாசலில் நான் நுழைந்தால் பின்வாசலில் அவர் வெளியேறுவார். எங்கள் பேத்தி யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் கூடத்தில் நிற்பாள். கடைசியில் எங்கள் இருவரையுமே தாத்தா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

பார்த்தாள் என் மகள். எனக்கொரு பொய், மாமனாருக்கொரு பொய் சொல்லி, அந்தப் படத்துக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியாகச் சீட்டு வாங்கிவிட்டாள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்தபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த உருவம் இருமியது. அந்த இருமலை எனக்குத் தெரியாதா? எழுந்து போகலாமென்றால் அவரிடம் வழி கேட்கவேண்டும். கேட்பேனா? அவரும் எழவில்லை. எழுந்தால் பயந்து ஓடியதாகிவிடுமே.

அவர் தையற்காரர். அப்போது எழுத்துத் தெரியாது. பாதிப் படத்தில் பொறுக்கமாட்டாமல், திரையைப் பார்த்தபடியே, "கீழ என்னதான் போட்டிருக்கு?" என்றார். நானும் திரையைப் பார்த்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்தேன், சத்தமாக. முன்வரிசை அதட்டியது. புதிதாகப் படித்தவன் வாய் மூடுமா?

வந்தது உச்சக்கட்டம். ஒரு தலைவர் தொலைபேசியை எடுத்தார். அடியில் இரண்டு வரி. 'எங்கள் ஏவுகணைகள் கிளம்பத் தயார்' என்ற முதல் வரியை நான் கூட்டி முடிப்பதற்குள் இரண்டாம் வரி ஓடிவிட்டது. அரங்கமே கைதட்டியது. எங்கள் இருவருக்கு மட்டும் உலகம் அழிந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது சம்பந்தி."

அந்தச் சொல் எப்படி வாயில் வந்ததோ! ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தன. "பாப்பா இப்ப எங்க இருப்பா?" என்று எங்கள் பேத்தியை நினைத்துக் கேட்டார். இருவரும் அழுதோம்.

நிமிர்ந்தால், திரையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"செத்தவங்க எப்படிய்யா நடக்கிறாங்க?" என்றார் சம்பந்தி. பின்னாலிருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: இரண்டாம் வரி, 'ஆனாலும் நாங்கள் ஏவமாட்டோம்' என்பதாம்.

பிடித்த கையை விட்டோமா? விடவில்லை. மகள் வீட்டு முன்வாசலில் சேர்ந்தே நுழைந்தோம். பேத்தி ஓடிவந்து என் ஒரு காலையும் அவர் ஒரு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அன்பர்களே, அழிவு வந்தபின் பற்றும் கையை அதற்கு முன்பே பற்றினால் என்ன? குண்டு வைத்திருப்பவனும் கூப்பிடட்டும். கோபம் வைத்திருப்பவனும் கூப்பிடட்டும். முதலில் கூப்பிட்டவன் தோற்றவன் அல்லன்; முதலில் கூப்பிட்டவனே மனிதன்!

பந்தி தயார் என்று அங்கே கை காட்டுகிறார்கள். தடுமாறிய இடங்களிலும் தட்டிக்கொடுத்த உங்களுக்கு நன்றி. எழுத்துக் கொடுத்த ஆசிரியைக்கு என் இரு கை கூப்பிய வணக்கம்.

சம்பந்தி, எழுந்திருங்கள். சாப்பிட வாருங்கள். எல்லோரும் சாட்சி, முதலில் கூப்பிட்டது நான்தான்.