செவலை வெளியே வரும் நேரம்

— ஏங்க, அங்கிட்டு நிக்காதீங்க. காளை வெளிய வர்றப்ப முட்டுனா நான் பொறுப்பில்ல.

— முட்டட்டும் மருதாயி. போன ஜல்லிக்கட்டுல இதே எடத்துல குடிச்சிட்டுக் கெடந்தவன்தானே நான். புடிக்க ஆளில்லாமத்தானே செவலை ஓடிப்போயி கெணத்துல விழுந்துச்சு.

— தீயணைப்பு வண்டி வந்துல்ல தூக்குனாங்க!

— காளையத்தானே?

— ரெண்டு பேரையுந்தான்! அத கெணத்துலேருந்து, ஒங்கள இங்கேருந்து!

— அன்னிக்கு விட்டதுதான் புள்ள. இப்ப வேணா ஊதிக் காட்டவா?

— ஊத வேணாம். பேசுன பேச்சுதான். கூப்புட்ட கொரலுக்குச் செவலை வந்து நின்னா, நீங்க அன்னவாசல்ல ஒங்க அண்ணன் வீட்ட விட்டுட்டு நம்ம வீட்டுக்கு வரலாம். நிக்காட்டி, அங்கிட்டே இருந்துக்கங்க.

— நிக்கும்! தெனம் நீ சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனதும் வந்து தண்ணி காட்டுறேன்ல. மொதல்ல சீறுச்சு. குடிநாத்தம் போகப் போக அடங்குச்சு. போன வாரம் கைய நக்கிருச்சு!

— தெரியும். தவிட்டு வாளியக் கழுவிக் கவுத்திட்டுப் போற திருடன் வேற யாரு? ஸ்... மைக்குல நம்மளச் சொல்றாங்க!

— அடுத்து வர்றது மலையாண்டி பொண்டாட்டி மருதாயி வளத்த செவலை! தொட்டுப் பாரு மாப்ள, தொட்டுப் பாரு! புடிச்சா பீரோ ஒனக்கு, விட்டா மாட்டுக்காரம்மாவுக்கு!

— ஆத்தாடி! வாடிவாசல்ல என் தம்பி மூக்கணாங்கயித்த உருவிட்டான்!

— தொட முடியல! ஒருத்தனாலயும் முடியல! மாடு வெற்றி! மாடு வெற்றி!

— வந்துருச்சுங்க! கூப்புடுங்க!

— செவலே! ஏய், இங்கிட்டு வாடா!

— ஐயோ, கெணத்துப் பக்கம் போகுதே!

— செவலே! பா, பா!

— நின்னுருச்சு... திரும்புது... ஏங்க, ஒங்ககிட்டத்தான் வருது! யாத்தே, இடுப்ப மோந்து பாக்குதே! கயித்தப் போடுங்க!

— போட்டுட்டேன்! மருதாயி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம வீட்டுக்கு வந்தா, குடிச்சிட்டு வந்த மாதிரிதான்.

— என்னங்க?

— வேட்டிக்குள்ள ஒன் பழைய சேலையச் சுத்தியிருக்கேன். அது ஒன் வாசத்துக்குத்தான் வந்துச்சு. எனக்காக இல்ல.

— அடப்பாவி மனுசா! கொடியில காணாம்னு தெருவையே ஏசுனேனே! அவுருங்க அத. கயித்த எங்கிட்டக் குடுங்க. தள்ளி நின்னு, இன்னொரு தடவ கூப்புடுங்க.

— வராட்டி?

— அது வராட்டி என்ன, நான் வாரேன்.