வெள்ளிக்கிழமை தட்டிய மூடி

வணக்கத்துக்குரிய தலைவர் கஜேந்திரன் ஐயா அவர்களே! எங்கள் வாயால் கேட்டுப் போகலாம் என்று வந்திருக்கும் காணி அதிகாரி ஐயா அவர்களே! கொழுந்துக் கூடையோடு குடும்பத்தையும் சுமக்கும் தாய்மார்களே! அக்குறணையிலிருந்து போர்வை கொண்டுவந்து போர்த்திய அர்கம் தம்பி அவர்களே! இந்தப் பள்ளிக்கூடத் தரையில் படுத்துப் படுத்து முதுகு நொந்த முகாம் சொந்தங்களே! பொன்னையாவின் வணக்கம்.

காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம் ஞாபகம் இருக்கிறதா? பால்மா பாக்கெட்டை மடிக்குள் ஒளித்து விற்ற வருஷம்? எண்ணெய் இல்லாமல் கண்டி பஸ் பன்விலவில் படுத்துக் கிடந்த வருஷம்? அந்த வருஷந்தான் தனபாலன் அகப்பை பிடித்தான்.

யார் தனபாலன்? எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான கீழ் லயத்தில் கடைசிக் காம்பராக்காரன். கண்டி மாநகரசபையில் குப்பை வண்டி வேலை. வாரமெல்லாம் ஊர்க் குப்பை; ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவனுக்கு. மற்ற ஆம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்கள்? சிரிக்கிறீர்கள் தாய்மார்களே, தெரிந்துதான் சிரிக்கிறீர்கள்! இவன் வத்தேகமச் சந்தைக்குப் போவான். கோழி கிடைத்தால் கோழி, இல்லாவிட்டால் ஈரல், அதுவும் இல்லையா, கருவாடு. காஸ் தீர்ந்து விறகுக்குத் திரும்பியதில் மனைவி சீதாவுக்கு இருமல். அதனால் அடுப்பை வெளியே தூக்கினான். கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு மலையேறுவோமே, அந்தப் பிள்ளைமடுவம், அது மூடிக் கிடந்தது. அது நிற்பது லயத்துக்கு எதிரே மேட்டில். அங்கே கல் கூட்டி அண்டா ஏற்றினான்.

வெந்ததும் அண்டா மூடியை அகப்பையால் தட்டுவான். "மூடியைத் தட்டிட்டேன், தட்டைத் தூக்கிட்டு வாங்க!"

லயமே தட்டோடு மேடேறும். பக்கத்துக் காம்பரா மூக்காயி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

"ஏன்டா, ஒம் பொண்டாட்டிக்கு ஒலை வைக்கத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. ருசியா வைக்கத்தான் தெரியாது."

"உப்புப் போட மறந்த மனுசன் பேசுற பேச்சக் கேளுங்க!" என்பாள் சீதா. சொல்லிவிட்டு முதல் தட்டை நீட்டுவதும் அவள்தான்.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் காது பழகிவிட்டது, சொந்தங்களே. மூடி தட்டினால் சோறு. மூடி தட்டினால் கறி. அந்தப் பழக்கந்தான் எங்களைக் கொன்றது.

போன கார்த்திகைப் புயல் மழை. வெள்ளிக்கிழமை விடிந்த நேரம். பஸ் இல்லை, வேலை இல்லை. தண்ணீர் லயத்துக்குள் இறங்காமல் கான் வெட்டிவிட நானும் தனபாலனும் மேட்டில் நின்றோம். மலையிலிருந்து இறங்கும் ஊற்றைப் பார்த்தவன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"மாமா, தண்ணி செவப்பா வருது. மேல மலை வெடிச்சிருச்சு."

கத்தினான். நானும் கத்தினேன். கொட்டிய மழை எங்கள் குரலைக் குடித்தது. பிள்ளைமடுவத்துக் கதவை உதைத்துத் திறந்தான்; உள்ளே வைத்திருந்த அண்டா மூடியை எடுத்தான்; தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான்!

கேட்டது எல்லாருக்கும். புரிந்தது யாருக்கு?

பிள்ளைகள் வந்தார்கள், தட்டைத் தலைக்குக் குடையாய்ப் பிடித்துக்கொண்டு. பிள்ளைகளுக்கு ஏது விரதம்? பெரியவர்கள் ஒருவரையும் காணோம். ஓடி வந்த அவன் மகள் மூச்சு வாங்கச் சொன்னாள்:

"அப்பா, வெள்ளிக்கிழமை கவுச்சி வேணாமாம். மூக்காயி பாட்டி சிரிக்கிறாங்க, மழைக்கு ஒங்கப்பனுக்குக் கிழமை மறந்துபோச்சான்னு. அம்மாவும் விரதமாம். ஞாயித்துக்கிழமைக்கு எடுத்து வைக்கச் சொன்னாங்க."

எடுத்து வைக்கச் சொன்னார்கள், ஐயா!

மூடியை மகள் கையில் திணித்தான். "நிறுத்தாமத் தட்டு. அம்மாவக் கூட்டிட்டு வாறேன்" என்று சறுக்கிச் சறுக்கி ஓடினான். சீதாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்ததைப் பார்த்தேன். மூக்காயியைத் தோளில் தூக்கக் குனிந்ததைப் பார்த்தேன். அப்புறம் பார்க்க லயம் இல்லை. மண் இருந்தது. மழை இருந்தது. பிள்ளை தட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தாதே என்று அப்பன் சொல்லிவிட்டான் அல்லவா?

அதிகாரி ஐயா, இன்று என்ன சொல்கிறீர்கள்? முகாமை மூடுகிறோம், மேல் லயத்துக்குப் போங்கள் என்கிறீர்கள். எந்த மலைக்குக் கீழே மேல் லயம்? அதே மலை! அதே வெடிப்பு! அசையாமல் நின்ற பிள்ளைமடுவத்து மேட்டைக் கேட்டால், அது தேயிலை நடுகிற காணி என்கிறீர்கள். தேயிலைக்கு நிற்க இடம் உண்டு, தேயிலை பறித்தவள் பிள்ளைக்குப் படுக்க இடம் இல்லையா? செடி பிழைக்க மேடு, சனம் பிழைக்கப் பள்ளமா? இன்னொரு கார்த்திகை வரும், ஐயா. அன்றைக்கு மூடி தட்டத் தனபாலன் வருவானா?

தலைவரே, நேரம் முடிந்தது என்று துண்டுச்சீட்டு நீட்டுகிறீர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, நல்லதாய்ப் போயிற்று. முடிக்கிறேன்.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கு நன்றி. அழுகிற தாய்மாருக்கு என் கும்பிடு. அதிகாரி ஐயா, பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் கடைசிக் காம்பராவில் தனபாலன் போனான், சீதா போனாள். மிஞ்சியது ஓர் உயிர். மேடா, மலையடியா? அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதோ, மூன்றாம் வரிசையில் அண்டா மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேர் சிந்துஜா.