காத்துக்கு இல்ல, காதுக்கு

இல்லம்மா, அத உள்ள வச்சிரு. ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கி எங்கிட்டயே இருக்கு. நல்ல தோட்டாதான், யாரு இல்லன்னா? உதை கம்மி, துப்பாக்கிக் குழலும் சீக்கிரம் தேயாது, ஆயிரம் கெஜத்துலயும் சொன்ன எடத்துல போய் நிக்கும். இந்த வயோமிங்ல பாதிப் பேரு அதத்தான் சுடுறான், மீதிப் பேரு அத வாங்கணும்னு பொண்டாட்டிகிட்டக் கெஞ்சிக்கிட்டிருக்கான். எனக்கு அது வேணாம். அந்தா, சுவத்துல தொங்குதே, யாரோ வித்துட்டுப் போன முன்னூத்து முப்பத்தெட்டு, பெரிய குண்டுத் துப்பாக்கி, அத எறக்கு.

ஏன் சிரிக்கிற? தோள் கழண்டு போயிரும்ங்கிறியா? போகட்டுமே. எழுபத்தி நாலு வயசுல இத வச்சு நான் என்ன குஸ்தியா போடப் போறேன்.

டெனீஸ்தானே பேரு? சட்டைல குத்திருக்கியே. கடைக்குப் புதுசா? அதான பாத்தேன். பழைய ஆளா இருந்தா, எல்டன் வந்துட்டான், இனி யாவாரம் பாத்த மாதிரிதான்னு பின்பக்கமா ஓடிருப்பான்.

காத்தா? ஆமா, காத்துக்கு என்ன கொறச்சல். எங்க மேட்டுல காத்து ஒரு நாள் நின்னுச்சுன்னா, சாஞ்சு நடந்தே பழகுன மாடெல்லாம் குப்புற விழுந்துரும். கனமான குண்டுன்னா காத்து தள்ளாது, அதுக்குத்தான் கேக்குறேன்னு நெனக்கிற. நெனப்பு சரிதான். ஆனா எனக்கு காத்துக்கு இல்லம்மா, காதுக்கு.

சத்தத்துக்கும்மா. வெடிக்கிற சத்தம் இல்ல, அந்தச் சனியன யாரு கேட்டா? குண்டு போய் இரும்புத் தகட்டுல படுற சத்தம். நீ சுடுவியா? எம்புட்டு தூரம்? இருநூறு கெஜமா. அப்ப உனக்குத் தெரிய ஞாயமில்ல. ஆயிரம் கெஜம்னா, சுட்டதும் ஒன்னும் இருக்காது. கெணத்துல கல்லப் போட்டுட்டுக் காத்துக் கெடக்குற மாதிரிதான். ஒரு மூச்ச விட்டு இன்னொரு மூச்ச இழுத்தப்புறம் டிங்குன்னு வரும். ஆறரைக்கு அது காப்பிக் கோப்பைல கரண்டி தட்டுன மாதிரி. எதிர்க்காத்து அடிச்சா அதுவும் இல்ல. இது ரெண்டு மடங்கு கனமாச்சே, சர்ச் மணி மாதிரி அடிக்கும்ல? அடிக்குமா? நிச்சயமாத்தான சொல்ற? நல்லது.

எனக்கு இல்ல. ஐலீனுக்கு. என் வீட்டுக்காரி.

நாங்க ரெண்டு பேரும் ஜோடியாத்தான் போட்டிக்குப் போவோம். நான் படுத்துச் சுடுவேன், அவ பக்கத்துல டெலஸ்கோப்ப வச்சு உக்காந்து காத்தப் பாத்துச் சொல்லுவா. புல்லு சாயறது, கானல் ஓடுறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எடப்பக்கம் ரெண்டு, பொறு, பொறு, இப்பன்னுவா. நான் விசைய இழுப்பேன். சத்தம் வந்து சேர்றதுக்கு முன்னாடியே சொல்லிருவா, பட்டுச்சுன்னு. அம்புட்டுதான். அதத் தாண்டி ஒரு பாராட்டு அவ வாயிலருந்து வராது. படலன்னா ஒன்னுமே சொல்ல மாட்டா. அந்தச் சும்மா இருக்கறதுக்கு நாலு அடி அடிச்சிருந்தாக்கூடத் தேவல.

ஜெயிச்சோமா? கோப்பை ரெண்டு இருக்கு. ஒன்னுல ஆணி போட்டு வச்சிருக்கேன்.

இப்ப அவளுக்கு நெனவு போயிருச்சும்மா. மொதல்ல காத்து பாக்குறது போச்சு. அப்புறம் அடுப்ப அணைக்க மறந்தா. பனி கொட்டுற காலத்துல என் பேரு போச்சு, மக பேரு போச்சு, பேச்சே போச்சு. பனி உருகுனப்புறம் ஒரு நாள், வீட்டுல தனியா விட முடியாதுன்னு அவளக் கொட்டகை வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சிட்டு, மேட்டுல படுத்து ஒன்னு சுட்டேன். தகடு டிங்குன்னுச்சு. பட்டுச்சுன்னு சொன்னா. ஆமாம்மா, அவதான். தெளிவா. துப்பாக்கிய அப்படியே போட்டுட்டுத் திரும்பிப் பாக்குறேன், அந்தப் பழைய மூஞ்சி, இவனுக்கு இதுவே ஜாஸ்திங்கிற மூஞ்சி. கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு.

அதுலருந்து தெனம் சுடுறேன். ஒரு வார்த்தைக்கு ஒரு தோட்டா. இந்த ஜில்லாவுல பொண்டாட்டி பேச்சுக்கு இம்புட்டு வெல குடுத்தவன் நான் ஒருத்தன்தான்.

தகட்டக் கிட்ட நகத்தவா? நகத்திப் பாத்துட்டேன். முன்னூறு கெஜத்துல வச்சேன், பளிச்சுன்னு கேட்டுச்சு. அவ சட்டைல நூலப் பிடுங்கிக்கிட்டிருந்தா. கிட்ட வச்சா வெடியும் தகடும் ஒட்டிக்கிட்டு வந்துருது, தாயி. நடுவுல எடமே இல்ல. ஆயிரம் கெஜத்துல சுட்டதும் அவ மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பா. அந்தக் கொஞ்ச நேரத்துலதான் அவ இருக்கா. வேற எங்கயும் இல்ல.

ரெண்டு வாரமா அதுவும் இல்ல. சுடுறேன், படுது, டிங்குங்குது. அவ வேலியப் பாத்துக்கிட்டிருக்கா. சின்னச் சத்தத்தப் பெருசாக்கிக் காட்டுற காது மூடியா? அது உங்க கடைலதான் வாங்குனேன், போன மாசம். மாட்டி விட்டேன். கழட்டி ஓட்ஸ் கஞ்சிக்குள்ள போட்டுட்டா. அதான், சத்தம் பத்தலன்னு முடிவு பண்ணிட்டேன். காத்து வேற. பெரிய குண்டுன்னா கேக்கும்.

புதுசு வரவழைக்க வேணாம்மா, அதுக்கெல்லாம் நாள் இல்ல. ஞாயித்துக்கெழம மக வந்து அவளக் கூட்டிட்டுப் போறா. ஷெரிடன்ல, நெனவு போனவங்களப் பாத்துக்கிற ஒரு விடுதில கட்டில் கெடச்சிருச்சாம். நல்ல எடந்தான், சன்னல் பக்கமாம். அங்க போய் நான் எதச் சுடுறது? இந்தப் பழசே போதும். தோட்டா ஒரு பெட்டி போடு. ஒன்னு போதும்.

என்னது? இம்புட்டு செலவு பண்றதுக்கு மொதல்ல அவ காத டாக்டர்கிட்டக் காட்டலாமேங்கிறியா? நல்ல புள்ளைம்மா நீ, வந்த யாவாரத்தையே வேணாங்குற. காட்டிட்டேன். நேத்துதான். பதில் சொல்ல முடியாதவங்களுக்குன்னே ஒரு மிஷின் வச்சிருக்காங்க, அத மாட்டிப் பாத்தாங்க. காதுல ஒரு கொறையும் இல்லையாம். எல்லாம் நல்லாக் கேக்குதாம்.

அந்தப் பெட்டி இல்லம்மா, அதுக்குப் பக்கத்துல. இருக்கறதுலயே கனமான குண்டா பாத்துக் குடு.